கட்டிலுக்கடியில் ஓர் அடுப்பு

லிப்ட் ஓடவில்லை என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் சொல்லிவிட்டார். கரண்ட் இணைப்பு அடுத்த வாரம்தான் வருமாம். ஏழாவது மாடியா, பால் காய்ச்சுற வீடா, மெதுவா ஏறுங்கம்மா, பத்தரை வரைக்கும் நல்ல நேரம் இருக்கு என்றார். ஐம்பத்தொன்பது வயதில் மெதுவாகத்தான் ஏற முடியும், அதை அவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மெதுவாக ஏற ஒருவர் அனுமதி கொடுத்துவிட்டார், இனி எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் என் மேல் குற்றமில்லை. பார், முதல் படியிலேயே ஆரம்பித்துவிட்டேன். எதற்கும் யாராவது அனுமதி கொடுக்க வேண்டும் எனக்கு. இடது கையில் துணிப்பை, அதில் எவர்சில்வர் பால் குண்டான். வலது தோளில் கைப்பை, அதில் மூன்றாக மடித்த ஒரு தாள். குண்டானைவிடத் தாள்தான் கனக்கிறது என்று பிள்ளைகள் யாராவது கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன், தாள் எங்கேயாவது கனக்குமா என்று. கனக்கவில்லைதான். ஆனால் தோளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். பாத்திரக் கடையில் என்ன பேர் வெட்டணும் என்று கேட்டான். வாய் வரை வந்தது, பாக்கியம்மா குடும்பம் என்று. குடும்பம் என்ற சொல்லைச் சொல்ல முடியவில்லை. தேதி மட்டும் போடுப்பா என்றேன். பேர் இல்லாம குடுத்தா நல்லாருக்காதேம்மா என்றான். நல்லா இருக்காதுதான்.

தாளின் தலைப்பு, கணக்கெடுப்புத் திருத்த விண்ணப்பம். மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன், கால்வாய்க்கரையில் இருந்த ஓட்டு வீடுகளையும் ஷீட் போட்ட வீடுகளையும் எண்ண வந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆசிரியர்களை எதற்குத்தான் அனுப்பவில்லை, ஓட்டுப் பெட்டிக்கு அனுப்பினார்கள், ஆடு மாட்டை எண்ண அனுப்பினார்கள், அடுப்பை எண்ணவும் அனுப்பினார்கள். ஆமாம், அடுப்பைத்தான். குடும்பத்துக்கு ஒரு வீடு என்பது திட்டம். எது குடும்பம் என்பதற்குக் கையேட்டில் ஒரே வரி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டு, வீடும் இரண்டு. பாக்கியம்மா வீட்டில் அடுப்பு இரண்டு இருந்தது. நான் ஒன்று என்று எழுதினேன். இவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் இதற்குள்ளேயே ஒரு வாரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். இப்போது மூத்த மகன் தணிகைக்கும் அவன் மனைவி குணாவுக்கும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பாக்கியம்மாவுக்குமாக ஒரு வீடு. இளையவன் ஏழுமலைக்கும் அவன் பெண்டாட்டி பிரேமாவுக்கும் வீடு இல்லை. செங்குன்றம் தாண்டி ஒரு ஒற்றை அறை பார்த்திருக்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை போகிறார்களாம். பிரேமாவுக்கு ஏழு மாதம். குணாதான் போன வாரம் பள்ளிக்கூட வாசலில் வந்து சொன்னாள், நீங்கதான் டீச்சர் வந்து அடுப்பு பத்த வைக்கணும், அத்த கண்டிசனா சொல்லிடுச்சு என்று. வாடகை வீட்டு விஷயத்தை அதே சிரிப்போடு, போகிற போக்கில் சொன்னாள். என் கையில் சாக்பீஸ் இருந்தது. அது உடைந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

முதல் மாடி. இங்கே ஏற்கனவே குடி வந்துவிட்டார்கள், வாசலில் செருப்பு, கோலம், ஒரு சைக்கிள். மறுநாளே திட்ட அலுவலகத்துக்குப் போனேன். ஒரு சின்ன சந்தேகம் என்றுதான் ஆரம்பித்தேன், யாருக்கோ நேர்ந்ததைக் கேட்பவள் மாதிரி. அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷன். அதுக்கு வழி இருக்கு டீச்சர், எட்டாவது மாடியில நாலு வீடு யாருக்கும் எழுதாம பூட்டித்தான் கிடக்கு, ஆனா கணக்கெடுத்தவங்களே தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், அந்த ஜோடியும் போடணும், வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்துடணும், அதுக்கப்புறம் லிஸ்ட் மூடிடுவாங்க என்றார். தாளை எடுத்து நீட்டினார். யாரு டீச்சர் கணக்கெடுத்தது என்றார். நான்தான் என்றேன். நீட்டிய கை பாதி திரும்பிப் போனது. சர்வீஸ் இன்னும் எவ்ளோ இருக்கு. எட்டு மாசம். அடடா என்றார். விளக்கம் கேப்பாங்க டீச்சர், மெமோ வரும், கடைசி நேரத்துல பென்ஷன் பேப்பர் எங்கயாவது மாட்டிக்கும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தவறு நேர்ந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல கவனக்குறைவுன்னு மட்டும் எழுதிடுங்க, கவனக்குறைவுக்குப் பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க என்றார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. தாள் இன்னும் வெறுமையாக இருக்கிறது. நேற்று ஒரு தடவை எடுத்துப் பேனாவைத் திறந்தேன், கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் போதும், ஒரு சொல், ஒரு கையெழுத்து. பேனாவை மூடிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். ஏன் என்றால், அன்று என்னிடம் வேறு என்னென்னவோ குறைந்திருந்தது, கவனம் மட்டும் குறையவில்லை.

பயிற்சி வகுப்பு நடந்த மண்டபத்தில் மின்விசிறி சுற்றிய சத்தம்கூட நினைவிருக்கிறது. இளவயது அதிகாரி ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். நாட்டில் வீடு எவ்வளவு குறைவு, கோடிக்கணக்கில் குறைவு என்று ஒரு எண், அதற்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார், வீடு இல்லாதவங்கன்னா யாரு. பிளாட்பாரத்துல படுக்கிறவங்க என்று முன் வரிசையில் சொன்னார்கள். அவர் தலையாட்டவில்லை. அது கொஞ்சம்தான் சார், மிச்சம் எல்லாம் வீட்டுக்குள்ளதான் இருக்கு என்றார். ஒரே ரூம்ல ரெண்டு ஜோடி படுத்தா அங்க ஒரு வீடு குறையுது. கல்யாணம் ஆன பையன் மொட்டை மாடியில படுத்தா அங்க ஒரு வீடு குறையுது. நைட் ஷிப்ட் போறவன் பாயில பகல் ஷிப்ட்காரன் படுத்தா அங்கயும் குறையுது. வெளியில இருந்து பார்த்தா தெரியாது, உள்ள போய்ப் பாருங்க, தலையை நீட்டிப் பாருங்க. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், அடிக்கோடு வேறு போட்டேன். முப்பத்தைந்து வருஷமாக அடிக்கோடு போடச் சொல்லிக் கொடுக்கிறவள். அப்படி ஊரெல்லாம் தேடுகிற அந்தக் குறைவு ஒரு நாள் என் கண் முன்னாலேயே இருந்தது. ஒரு பழைய இரும்புக் கட்டிலுக்கு அடியில், கோணிப்பை போட்டு மூடி. நான் அதைப் பார்த்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். கோடியில் ஒன்றைக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன் நாட்டுக்கு. இப்படி ஒவ்வொரு டீச்சரும் ஆளுக்கு ஒன்று குறைத்திருந்தால், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், அதை வைத்துக் கட்டுகிற கட்டடத்துக்கு என்ன அர்த்தம். மூன்றாவது மாடிதானே இது, இரண்டாவது எப்போது போனது.

கொஞ்சம் நிற்கலாம். ஜன்னல் வழியாகக் கால்வாய் தெரிகிறது, மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, நாற்றம் இவ்வளவு உயரம் வரவில்லை. அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான் நான் கணக்கெடுத்த சந்து. அடுத்த சந்து ஞானப்பிரகாசம் சாருடையது. ஒரே பள்ளிக்கூடம் எங்களுக்கு. கையேட்டில் கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது, அடுப்பு விதியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று. சொன்னால் ராத்திரியோடு ராத்திரியாக அடுப்பு முளைக்கும் என்று அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். ஞானப்பிரகாசம் சார் சந்து முனையில் டீக்கடையில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அடுப்பு முளைத்தது. உண்மையிலேயே ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்ட ஒரு அண்ணன் தம்பி வீட்டில் மாமியார் வீட்டு அடுப்பை ஒரு நாள் இரவல் வாங்கி வைத்து இரண்டு காட்டினார்கள், இரண்டு வீடு வாங்கினார்கள், இதோ இந்த மூன்றாவது மாடியில்தான் எதிரெதிரே இருக்கிறார்கள் என்று கேள்வி. ஸ்டாப் ரூமில் நான் அவரை என்னவெல்லாம் பேசினேன். அரசாங்கத்தை ஏமாத்துறதுக்குப் பேரு சமூக சேவையா சார் என்றேன், நாலு பேர் கேட்கும்படி. அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, ஏமாத்தி வாங்கினாலும் உள்ள மனுஷன்தானே டீச்சர் இருக்கப் போறான் என்றார். நான் சரியானவள். நான் விதிப்படி நடந்தவள். என் சந்தில் ஒரு பொய் அடுப்புகூட முளைக்கவில்லை, இருந்த உண்மை அடுப்பு ஒன்று காணாமல் போனது, அவ்வளவுதான்.

அந்த நாள் வைகாசி வெயில். பாக்கியம்மா வீடு என் பட்டியலில் நாற்பத்து மூன்றாவது. தணிகையும் ஏழுமலையும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள், அதனால் நான் சந்துக்குள் நுழையும்போதே டீச்சர் வராங்க என்று ஒரு குரல் முன்னால் ஓடியது. அந்தக் குரல் ஓடாமல் இருந்திருந்தால், என்று எத்தனை தடவை நினைப்பது. நான் வாசலில் நின்றபோது உள்ளே இரும்பு தரையில் இழுபடும் சத்தம். குனிந்து நுழைந்தேன். பத்துக்குப் பத்து இருக்கும். பாக்கியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாங்க டீச்சர், ஒக்காருங்க என்றாள். கட்டில் மேல் உட்கார்ந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆன பெண், பிரேமா, கட்டிலின் கால்மாட்டில் விலகாமல் நின்றாள். எத்தனை அடுப்பு என்று நான் கேட்கவில்லை, அப்படிக் கேட்கக் கூடாது, சமையல் எப்படி என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள். சமையல் எல்லாம் ஒண்ணாதானேம்மா என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும், எந்த மாமியார் ஊர் டீச்சரிடம் என் வீட்டில் மருமகள்கள் தனித்தனியாகச் சமைக்கிறார்கள் என்பாள். ஒண்ணாதான் டீச்சர், எங்க வூட்டுல ஒரே அடுப்புதான், ரெண்டு புள்ளைங்களும் ஒரே சட்டியிலதான் துன்னுதுங்க என்றாள் பாக்கியம்மா. அப்போது கோணி கருகும் வாசனை வந்தது. எனக்குக் கீழிருந்து. இப்போதுதான் அணைத்த பர்னர், அதன் மேல் கோணியைப் போட்டிருக்கிறார்கள். குனிந்தேன், செருப்பைச் சரிசெய்கிறவள் மாதிரி. ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, சின்ன சிலிண்டர், பக்கத்தில் மூடி போட்ட ரசச் சட்டி. நிமிர்ந்தபோது பிரேமாவின் கண் என் கண்ணில் இருந்தது. அவள் முகம் சிவந்துபோயிருந்தது, கேட்டுவிடாதீங்க என்றதா, கேளுங்க என்றதா. மூன்று வருஷமாக அதற்கு எனக்கு வசதியான பதிலையே வைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்டுவிடாதீங்க என்றுதான் சொன்னாள் என்று. ஒன்று என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். ரொம்ப சந்தோஷம்மா, இந்தக் காலத்துல யாரு இப்படி ஒத்துமையா இருக்காங்க என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

அவர்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். அப்புறம் விதிப்படி அவர்கள் சொன்னதைத்தானே எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். நாலாவது மாடி, ஐந்தாவது மாடி, மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கும்போது பொய் சொல்ல முடியவில்லை. எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது. இதுதான் உண்மை. காலையில் வீட்டில் போனது, மணி ஒன்றரை, அந்தக் கரையில் பொதுக் கழிப்பிடம் ஒன்றுதான், அதற்கும் பூட்டு. சந்தில் யாரையும் கேட்க முடியாது, கேட்டால் அவர்களே எங்கே போகிறார்கள் என்று தெரியும். அடுப்பு இரண்டு என்றால் இன்னொரு படிவம், நாலு பக்கம், ஆதார் எண், ரேஷன் எண், கைரேகை, முக்கால் மணி நேரம். ஒன்று என்றால் பத்து நிமிஷத்தில் எழுந்து, ஆட்டோ பிடித்து, பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம். போனேன். கழிப்பறைக் கதவை மூடிக்கொண்டபோது எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியின் விலை ஒரு வீடு, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, உள்ளேயே ஒரு கழிப்பறை. மாதவிடாய் நாளில் இருட்டும் வரை காத்திருந்து வெளியே போகிற பெண்ணிடமிருந்து அதை எடுத்து, இன்னும் முக்கால் மணி நேரம் அடக்க முடியாத என் அவசரத்துக்குக் கொடுத்துக்கொண்டேன். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது, தவறு நேர்ந்த காரணம் என்ற கட்டத்தில் இரண்டே வரிதான் இடம்.

இன்னொன்றும் இருக்கிறது, அது ஆறாவது மாடிக்குத் திரும்பும் இந்தப் படியில்தான் வர வேண்டுமா. ஊரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு ப்ளாட். என் மகன் நிர்மல் மெல்பர்னிலிருந்து வாங்கிப் போட்டது, திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று. நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. மாதம் ஒரு முறை போய்க் குழாயைத் திறந்து துருத் தண்ணீரை விடுகிறேன், ஜன்னல்களைத் திறந்து மூடுகிறேன், ஒட்டடை அடிக்கிறேன். சமையல் மேடையில் இன்னும் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை, அடுப்பே வைக்காத மேடை அது. அந்தப் பக்கத்தைக் கணக்கெடுத்த டீச்சர் கதவில் என்ன எழுதிவிட்டுப் போனாள் என்று பார்த்திருக்கிறேன், சாக்பீஸில், காலி என்று. அந்த வரிசையில் பதினாறு கதவு, ஏழில் அதே சொல். வாடகைக்கு விட்டா காலி பண்ண வைக்கிறது கஷ்டம்மா என்கிறான் நிர்மல். பிரேமா, நீ அங்கே வந்து இரும்மா, பிரசவம் முடியும் வரை இரு, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. சொல்லலாம். ஒரு வாக்கியம். மனதுக்குள் சொல்லும்போது எவ்வளவு நன்றாக வருகிறது. சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், நிர்மலிடம் கேட்க வேண்டும் என்பேன், சொசைட்டியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பேன். கருணையெல்லாம் மனதுக்குள்ளேயே செய்து முடித்துவிடுகிற ஜாதி நான். குறைந்தபட்சம் இந்தத் தாளையாவது. ஆனால் தாளைக் கொடுத்தால் மெமோ. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. பிரிவு உபசார விழாவில் ஹெட்மாஸ்டர் அதைத்தான் சொல்லப் போகிறார், ஒரு மெமோகூட வாங்காதவர் மங்கையர்க்கரசி டீச்சர் என்று. கொடுக்காமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. கிளார்க்குக்குத் தெரியும், அவர் நல்ல மனுஷன், வாயைத் திறக்க மாட்டார். அவர்களுக்கு இப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. சாயந்திரம் ஐந்து மணி ஆகிவிட்டால் தானாகவே முடிந்துவிடும். ஏழாவது மாடி. மாவிலை கட்டியிருக்கிறார்கள்.

"இன்னா டீச்சர் இப்டி மூச்சு வாங்குது, யம்மாடி, அந்த சேர எடுத்துப் போடுங்க," என்று குணா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். உட்காரவும் விடவில்லை. "மொதல்ல இத பாருங்க டீச்சர், வாங்க," என்று ஒரு கதவைத் திறந்தாள். கழிப்பறை. வெள்ளை டைல்ஸ், ஒரு குழாய், புது வாளி. "உள்ளயே. நடுராத்திரி எந்திரிச்சாக்கூட யாரையும் எழுப்பத் தேவயில்ல." நான் நன்றாயிருக்கிறது என்றேன். சமையல் மேடையில் மஞ்சள் குங்குமம் வைத்த அடுப்பு, நான் கொடுத்த குண்டானை வாங்கி அதிலேயே பாலை ஊற்றிவிட்டாள். பாக்கியம்மா தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். நான் பின்வாங்கினேன், என் வீட்டுக்காரர் போய் ஐந்து வருஷமாகிறது, நல்ல காரியத்துக்கு என்னை யாரும் முன்னால் நிறுத்துவதில்லை, நானும் நிற்பதில்லை. "நான் எப்படிம்மா, குணா பத்த வைக்கட்டும்," என்றேன். "அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல டீச்சர். எம் புள்ளைங்களுக்கு எழுத்தக் காட்டுன கை. இந்த வூட்டையும் எழுதிக் குடுத்த கை," என்றாள். பற்ற வைத்தேன். முதல் குச்சி அணைந்துவிட்டது, இரண்டாவதில் பிடித்தது. எல்லோரும் பாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தணிகை பிள்ளைகளை முன்னால் இழுத்து நிறுத்தினான். ஏழுமலை மட்டும் வாசல் பக்கம் நின்றான், விருந்தாளி நிற்கிற இடத்தில். பால் பொங்கி வழிந்தது. "ஒரே அடுப்பு," என்றாள் பாக்கியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டீச்சர் அன்னிக்கே எழுதுனாங்க."

பால் டம்ளரோடு பிரேமா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல. அவளுக்குப் பின்னால், ஹாலின் மூலையில், கட்டி வைத்த மூட்டைகள். மேலே இருந்தது ஒரு கோணிப்பை. அதில் வட்டமாக ஒரு கருகல், ஓரம் உதிர்ந்து, உள்ளே இரும்பு தெரிந்தது. இத்தனை வருஷமாக அதே கோணியிலா வைத்திருந்தார்கள். பிரேமா குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கி நீங்க குனிஞ்சு பாத்தீங்க டீச்சர். எனக்குத் தெரியும். பாத்துட்டும் எதுவும் கேக்கல. அத்த அதத்தான் இன்னிக்கும் சொல்லும், டீச்சரு பெரிய மனசு, நம்ம மானத்தக் காப்பாத்துனாங்கன்னு." டம்ளர் என் கையில் சுட்டது. கீழே வைத்தேன். இதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கைப்பையைத் திறந்தேன், இப்போது திறக்காவிட்டால் ஐந்து மணி தானாக வந்துவிடும், தாளை எடுத்தேன், விரித்தேன். சொன்னேன். வரிசையாகச் சொல்ல வரவில்லை. அடுப்பு விதி, எட்டாவது மாடியில் நாலு வீடு, கையெழுத்து, இன்று ஐந்து மணி என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். ஏழுமலை வாசலிலிருந்து உள்ளே வந்தான். குணா கரண்டியோடு அப்படியே நின்றாள். பாக்கியம்மாதான் கடைசியில் கேட்டாள். "ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு வூடா?"

"ஆமாம்மா."

"அது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நாங்க உங்களுக்குக் கூச்சப்பட்டுதானே டீச்சர் ஒளிச்சு வெச்சோம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதால் எல்லோரும் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பார்கள். அவள் கொஞ்ச நேரம் பால் வழிந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுல கையெழுத்துப் போட்டா உங்களுக்கு எதுனா வருமா?" என்றாள். வரும், மெமோ வரும், பென்ஷன் இழுக்கும் என்று சொன்னேன், ஏன் சொன்னேன், இல்லை என்று சொல்லியிருக்கலாமே. "அப்ப வாணாம் டீச்சர். ரிட்டேர்டு ஆவப் போற வயசுல உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு. எங்களுக்கும் இன்னிக்கி நல்ல நாளு, இன்னிக்கே குடும்பம் ரெண்டாச்சுன்னு எழுதிக் குடுக்கணுமா. அதுங்க எங்கயோ பொழச்சுக்கும்." எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. அது நிம்மதி. அன்றைக்குக் கழிப்பறைக் கதவை மூடியபோது வந்த அதே நிம்மதி, எனக்கு அடையாளம் தெரிந்தது. அனுமதி கிடைத்துவிட்டது, அதுவும் அவர்கள் வாயாலேயே. தாளை மடிக்க என் விரல்கள் தாமாகவே போயின. ஒரு மடிப்பு மடித்தும் விட்டேன். பிரேமா வேணாம் என்று சொல்லவில்லை. என் விரல்களைப் பார்த்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள், மூலைக்குப் போனாள், கோணியை உருவிப் போட்டாள். அடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து சமையல் மேடையில், முதல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். குணா மஞ்சள் குங்குமக் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். ஏழுமலை சின்ன சிலிண்டரைத் தூக்கி வந்து மேடைக்குக் கீழே வைத்து மாட்டினான். பாக்கியம்மா தடுக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் எழுந்து போய்த் தாளை அந்த இரண்டு அடுப்புகளுக்கு நடுவே மேடையில் விரித்து வைத்தேன், பாலின் ஈரம் ஒரு ஓரத்தில் ஏறியது. ஏழுமலை தன் பெயரை எழுதினான், ஐந்தாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த அதே குண்டு எழுத்து. பிரேமா எழுதினாள். பேனா என்னிடம் வந்தது. தவறு நேர்ந்த காரணம், இரண்டு வரி. கவனக்குறைவு, ஒரே சொல், பெரிதாக ஒன்றும் வராது, எழுதினால் இவர்களுக்கும் வீடு கிடைத்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. பிரேமா பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். நான் குனிந்ததைப் பார்த்தவள் அவள். பார்த்தேன், எழுதவில்லை என்று எழுதினேன். கீழே என் பெயரை, முழுப் பெயராக, போட்டேன். இன்னும் ஒரு வரி இடம் இருந்தது, அதில் எழுத எனக்கு என்னென்னவோ இருந்தது, எழுதவில்லை. "நானும் கூட வரேன் டீச்சர்," என்றான் ஏழுமலை. மணி பத்தேகாலாகியிருந்தது. அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அதற்கு முன் ஏழு மாடி இறங்க வேண்டும். கிளம்பும்போது பாக்கியம்மா ஜன்னலை விட்டுத் திரும்பாமல், "டீச்சருக்குப் பாலு ஆறிடுச்சு, வேற ஊத்திக் குடு," என்றாள் பிரேமாவிடம். பிரேமா புது அடுப்பில் பற்ற வைக்கவில்லை, தன் அடுப்பில் பற்ற வைத்தாள்.